டேனரி தண்ணீர் பாய்ந்த நிலத்தில் மரம் வைப்பது எப்படி

“மரத்தை வைங்க, மண்ணுல இருக்கிற குரோமியத்தை எல்லாம் அது உறிஞ்சிடும், பத்து வருஷத்துல நிலம் சுத்தமாயிடும்” என்று யாராவது சொன்னால் தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுங்கள், நம்ப வேண்டாம். தோல் பதனிடுகிற டேனரிகளின் கழிவுத் தண்ணீரோடு வந்து மண்ணில் சேர்ந்த உலோகம்தான் இந்தக் குரோமியம். நானும் அதை நம்பித்தான் ஆரம்பித்தேன். ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஒரு ஏக்கரில் மேலாக இருக்கிற ஒரு அடி மண் சுமார் 1,700 டன் வரும். அதில் கிலோவுக்கு 500 மில்லிகிராம் குரோமியம் இருப்பதாக வைத்துக்கொண்டால் மொத்தம் 850 கிலோ. மரங்கள் வருஷத்துக்கு 2 டன் காய்ந்த இலை கொட்டுகின்றன, இலையில் கிலோவுக்கு 10 மில்லிகிராம் ஏறியிருக்கிறது என்று வையுங்கள். ஒரு இலை விடாமல் கூட்டி அள்ளினாலும் வெளியே போவது வருஷத்துக்கு 20 கிராம். 850 கிலோவை இப்படி எடுத்து முடிக்க 42,500 வருஷம் ஆகும். இலையில் பத்து மடங்கு ஏறினாலும் 4,250 வருஷம். பேரன் காலத்துக்குக்கூட ஆகாது.

அப்படியென்றால் மரம் எதற்கு? மரம் உலோகத்தைத் தூக்கிக்கொண்டு போகாது, வேரிலேயே கட்டிப்போடும். கிணற்றுக்கு இறங்காமல், கோடையில் புழுதியாகப் பறந்து வீட்டுக்குள் வராமல் பிடித்துவைக்கும். அந்த வேலையை அது எப்படிச் செய்கிறது என்று தெரிந்துகொண்டால் நாம் எதைப் போட வேண்டும், எதைப் போடக் கூடாது என்பதும் தெரிந்துவிடும். எனக்கு இது தெரியாததால் முதல் வருஷம் வைத்த நாற்பது கன்றில் முப்பத்தொன்று போய்விட்டது.

எங்கள் நிலம் ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவில், பாலாற்றை ஒட்டி ஒன்றேகால் ஏக்கர். தாத்தா காலத்தில் வட ஆற்காடு, அப்புறம் வேலூர், 2019-ல் மூன்றாகப் பிரித்தபோது திருப்பத்தூர் மாவட்டத்தில் போய் விழுந்தது. ஆனால் வெளியூரில் யாராவது கேட்டால் இன்னும் வேலூர்ப் பக்கம் என்றுதான் சொல்வோம். ஒரு காலத்தில் நெல்லும் கரும்பும் விளைந்த பூமி. கிணற்றுத் தண்ணீரில் நுரை வர ஆரம்பித்த பிறகு நைனா பயிர் வைப்பதை விட்டுவிட்டார். பக்கத்து நிலத்துப் பெரியப்பா ஒருநாள் வரப்பில் நின்றுகொண்டு கேட்டார்: “இன்னாப்பா, தென்னை போச்சு, மா போச்சு, இந்த வேலிகாத்தான் மட்டும் எப்டி பச்சையா நிக்குது?” அதற்குப் பதில் தேடித்தான் இதையெல்லாம் படிக்க ஆரம்பித்தேன். வேலிகாத்தான் என்றால் சீமைக்கருவேலம், தெற்கே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்.

எந்தக் குரோமியம் என்று முதலில் தெரியணும்

குரோமியம் என்றால் ஒன்று இல்லை, இரண்டு, 3 என்றும் 6 என்றும் சொல்வார்கள். அந்த எண் அணு எத்தனை எலக்ட்ரானை இழந்து நிற்கிறது என்பதைச் சொல்வது. டேனரியில் தோலைப் பதம் செய்யப் போடுகிற குரோம் பவுடர், அதாவது பேசிக் குரோமியம் சல்ஃபேட், குரோமியம்-3 வகை. அது மண்ணில் விழுந்தால் பெரும்பாலும் ஹைட்ராக்சைடாகப் படிந்து, களிமண்ணோடு ஒட்டிக்கொண்டு, அவ்வளவாக நகராது. அந்தக் குரோம் பவுடரைத் தயாரிக்கிற கச்சாப்பொருள் சோடியம் டைகுரோமேட், அது குரோமியம்-6. தண்ணீரில் கரையும், மஞ்சளாக இருக்கும், மண்ணில் நிற்காமல் கிணறு வரைக்கும் போகும், புற்றுநோயை உண்டாக்கும். ராணிப்பேட்டையில் மூடிப்போன குரோமேட் ஆலையின் வளாகத்தில் ஒரு லட்சம் டன்னுக்கும் மேல் குவிந்து கிடந்தது இந்த இரண்டாவது வகைக் கழிவு. ஆக ஆம்பூர் டேனரித் தண்ணீர் பாய்ந்த நிலமும் ராணிப்பேட்டைக் கழிவு கசிந்த நிலமும் ஒன்றல்ல, வைத்தியமும் ஒன்றல்ல.

ஆனால் குரோமியம்-3 தானே என்று நிம்மதியாகத் தூங்கவும் முடியாது. மண்ணில் மாங்கனீஸ் ஆக்சைடு இருக்கிறது, கறுப்புக் கறுப்பாகச் சின்ன உருண்டைகளாகக்கூடப் பார்த்திருப்பீர்கள், அது குரோமியம்-3-இல் கொஞ்சத்தை மெல்ல 6 ஆக்கிவிடும். எருவும் மக்கும் இரும்பும் அதையே திருப்பி 3 ஆக்கும். மண்ணுக்குள் இந்த இழுபறி எப்போதும் நடக்கிறது. நாம் எந்தப் பக்கம் கை கொடுக்கிறோம் என்பதுதான் கேள்வி.

வேளாண்மைத் துறையின் மண்வள அட்டையில் குரோமியம் வராது, அதில் வருவது 12 விவரம்தான். ஆனால் அந்தப் பன்னிரண்டில் பி.எச். (அமில-காரத் தன்மை), ஈ.சி. (மின்கடத்துத்திறன், உப்பு எவ்வளவு என்று காட்டும்), கரிமச்சத்து, கந்தகம், இரும்பு, மாங்கனீஸ் ஆறும் நமக்கு வேண்டியவை, அதனால் அட்டையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். குரோமியத்துக்குத் தனியாக ஆய்வகத்தில் காசு கொடுத்துப் பார்க்க வேண்டும், கேட்கும்போது “மொத்தக் குரோமியம், குரோமியம்-6 ரெண்டும் தனித்தனியா” என்று அழுத்திச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மொத்தத்தை மட்டும் பார்த்து ஒரு காகிதத்தைக் கொடுத்துவிடுவார்கள். நான் முதல்முறை பணம் கட்டிய இடத்தில் அப்படித்தான் ஆனது. மண் எடுக்கும்போது மேல் அரை அடி, அதற்குக் கீழ் அரை அடி, அப்புறம் இரண்டடி ஆழம், மூன்றையும் தனித்தனிப் பையில் போடுங்கள். மண்வெட்டியின் இரும்பு பட்ட மண்ணைத் தள்ளிவிட்டு உள்பக்க மண்ணை மரக்குச்சியாலோ பிளாஸ்டிக் கரண்டியாலோ எடுங்கள். இரும்பு குரோமியம்-6-ஐ மாற்றிவிடும், எவர்சில்வர் கரண்டியிலோ குரோமியமே இருக்கிறது.

கிணற்றுத் தண்ணீருக்கு ஒரு சோதனை உண்டு, கெமிஸ்ட்ரி படிக்கிற அக்கா பையன் செய்து காட்டினான். கண்ணாடிக் குழாயில் தண்ணீர், அதில் கொஞ்சம் அமிலம், அப்புறம் டைபீனைல் கார்பசைடு என்கிற கரைசலில் சில சொட்டு. குரோமியம்-6 இருந்தால் ஊதா கலந்த ரோஸ் நிறம் வரும். வீட்டு போர் தண்ணீரில் ஒன்றும் வரவில்லை. வயல் கிணற்றுத் தண்ணீரில் ஊற்றி இருபதுகூட எண்ணியிருக்க மாட்டோம், கத்திரிப்பூ மாதிரி நிறம் மெல்ல ஏறியது, வெள்ளைத்தாளை வைத்துப் பார்த்தால்தான் தெரியும் அளவுக்கு லேசாக. நைனா அந்தக் குழாயைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் கொடுத்துவிட்டார். அமிலம் கையில் பட்டால் பொத்துவிடும், ஆகவே தெரிந்தவர்களை வைத்துச் செய்யுங்கள். குடிக்கிற தண்ணீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம்.

அப்புறம் உப்பு. இதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். பச்சைத்தோல் அழுகாமல் இருக்க உப்புப் போட்டுத்தான் வரும், அந்த உப்பு முழுக்கத் தண்ணீரில் போய் நிலத்தில் சேர்ந்திருக்கிறது. எங்கள் பக்கத்தில் மரத்தை முதலில் கொல்வது குரோமியம் இல்லை, உப்புதான் என்பது என் அனுபவம். ஈ.சி. 4-க்கு மேல் இருந்தால் அது உவர்நிலம், சாதாரணக் கன்று தாங்காது. செத்துப்போன அந்த முப்பத்தொன்றில் பாதிக்கு மேல் உப்பில்தான் போயிருக்கும், நான்தான் எல்லாப் பழியையும் குரோமியத்தின் மேல் போட்டுக்கொண்டிருந்தேன்.

வேருக்குள் என்ன நடக்கிறது

மரத்துக்குக் குரோமியம் எந்த வேலைக்கும் வேண்டாம், அதற்கென்று வேரில் தனி வாசலும் கிடையாது. ஆனால் குரோமேட், அதாவது தண்ணீரில் கரைந்து நிற்கிற குரோமியம்-6, பார்ப்பதற்கு அச்சு அசலாக சல்ஃபேட் மாதிரி இருக்கும், நடுவில் ஒரு அணு, சுற்றி நான்கு ஆக்சிஜன், அதே மின்சுமை. வேரின் செல் சவ்வில் சல்ஃபேட்டை உள்ளே அனுப்புகிற புரதங்கள் இருக்கின்றன, அவை ஆளை அடையாளம் தெரியாமல் குரோமேட்டையும் விட்டுவிடும். மற்ற நச்சு உலோகங்களும் இப்படித்தான் அடுத்தவன் டிக்கெட்டில் ஏறுகின்றன: காட்மியம் இரும்புக்கான வழியில், ஆர்சனேட் பாஸ்பேட்டின் வழியில், ஈயம் கால்சியம் வழியில்.

குரோமியம்-3 அப்படி நுழையாது. அது செல்லுக்கு வெளியே, செல்சுவரில் இருக்கிற பெக்டினின் அமிலப் பகுதிகளில் ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். வேர் தன் பங்குக்கு சிட்ரிக், மாலிக் மாதிரி அமிலங்களைச் சுற்றியுள்ள மண்ணில் கசியவிட்டு உலோகங்களைப் பிடித்துக்கொள்ளப் பார்க்கும். இந்த அமிலம் சில நேரம் உலோகத்தைக் கரைத்து நகர்த்தியும் விடும் என்பது வேறு கதை.

உள்ளே போன குரோமேட்டை செல் சும்மா விடாது, எலக்ட்ரான் கொடுத்து 6-ஐ 3 ஆக்கப் பார்க்கும். இந்த மாற்றம் நல்லதுதான், ஆனால் வழியில் 5, 4 என்று இரண்டு படிகள் இருக்கின்றன, அந்தப் படிகளில்தான் வெறிபிடித்த ஆக்சிஜன் துகள்கள் பிறக்கின்றன. கண்ணில் பட்ட கொழுப்பு, புரதம், டி.என்.ஏ. எல்லாவற்றையும் கடிக்கும். வேர் நுனி பழுப்பாகிப் போவது இதனால்தான்.

செல் உடனே உஷாராகும். ஹைட்ரஜன் பெராக்சைடு கொஞ்சம் ஏறினாலே அதுவே ஒரு தகவல். கால்சியம் அளவு மாறும், கைனேஸ் நொதிகள் ஒன்றை ஒன்று தட்டி எழுப்பிக்கொண்டே போய், கடைசியில் செல்லின் கருவுக்குள் டபிள்யூ.ஆர்.கே.ஒய். போன்ற கட்டுப்பாட்டுப் புரதங்கள் மரபணுக்களை முடுக்கிவிடும். சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ் என்கிற நொதி அந்த ஆக்சிஜன் துகளில் ஒரு வகையைப் பிடித்து பெராக்சைடு ஆக்கும், கேட்டலேஸும் அஸ்கார்பேட் பெராக்சிடேஸும் அதைத் தண்ணீராக்கும். இந்தத் தீயணைப்பு வேலைக்கு நடுவில் முக்கியமான சரக்கு குளூட்டத்தயோன்.

இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் நாம் போடப்போகிற உரம் இங்கேதான் வந்து நிற்கிறது. குளூட்டத்தயோன் மூன்றே அமினோ அமிலம் சேர்ந்தது: குளூட்டமிக் அமிலம், சிஸ்டீன், கிளைசின். நடுவில் இருக்கிற சிஸ்டீனில் கந்தகம் இருக்கிறது, அந்தக் கந்தகம்தான் உலோகத்தைக் கவ்வுகிற கொக்கி. இந்தக் குளூட்டத்தயோனையே வரிசையாகக் கோத்தால் பைட்டோகீலேட்டின், 1985-ல் ஜெர்மனியில் கண்டுபிடித்தார்கள். காட்மியம் உள்ளே வந்தால் இது மளமளவென்று உற்பத்தியாகும், காட்மியத்தைக் கவ்விக்கொண்டு வாக்குவோல் என்கிற செல்லின் சேமிப்புப் பைக்குள் போய்விடும், சவ்வில் இருக்கிற பம்புப் புரதங்கள் உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திவிடும். கவனிக்க வேண்டியது, குரோமியத்துக்கு இந்தப் பைட்டோகீலேட்டின் அவ்வளவாக உதவாது. பல இடங்களில் “எல்லா உலோகத்துக்கும் பைட்டோகீலேட்டின்” என்று ஒரே போடாகப் போடுகிறார்கள், அது சரியில்லை. குரோமியத்துக்கு செல்சுவரும், வாக்குவோலும், குளூட்டத்தயோன் எதிர்ப்பும்தான் பெரிய ஆயுதம். மெட்டல்லோதயோனீன் என்று இன்னொரு கந்தகப் புரதக் குடும்பமும் உண்டு, 1957-ல் குதிரையின் சிறுநீரகத்தில் முதலில் கிடைத்தது, மரங்களிலும் இருக்கிறது.

இப்போது சிக்கலைப் பாருங்கள். குளூட்டத்தயோன் செய்யக் கந்தகம் வேண்டும். கந்தகம் சல்ஃபேட்டாகத்தான் உள்ளே வர வேண்டும். அந்த வாசலில் குரோமேட் முண்டியடித்துக்கொண்டு நிற்கிறது. ஆக எதிரியைச் சமாளிக்க எது தேவையோ அதையே எதிரி மறித்துக்கொண்டிருக்கிறான். கந்தகம் போதவில்லை என்று உணர்ந்த வேர் என்ன செய்யும்? இன்னும் அதிகமான சல்ஃபேட் வாசல்களைத் திறக்கும். அந்த வாசல்கள் வழியாக இன்னும் அதிகமான குரோமேட் வரும். கன்று கருகியதற்குப் பின்னால் இப்படி ஒரு சங்கதி இருக்கிறது என்று படித்தபோது, சத்தியமாக, செத்துப்போன கன்றுகளிடம் மன்னிப்பு கேட்க வேண்டும் போல இருந்தது.

வாக்குவோலுக்குள் அடைத்ததும் செல்சுவரில் ஒட்டியதும் போக மிச்சம் தண்டுக்கு ஏற வேண்டுமென்றால் வேரின் அகத்தோலில் இருக்கிற காஸ்பாரிப் பட்டையைத் தாண்ட வேண்டும், அது மெழுகு பூசிய மதில் மாதிரி. குரோமியத்தில் பெரும்பகுதி அங்கேயே நின்றுவிடுகிறது. ஆரம்பத்தில் சொன்ன கணக்கில் இலைக்கு ஏறுவது அவ்வளவு குறைவாக இருப்பது இதனால்தான். எல்லா மரமும் இப்படி என்று சொல்ல முடியாது. நியூ கலிடோனியாத் தீவில் பிக்னாண்ட்ரா அக்யூமினேட்டா என்று ஒரு மரம், வெட்டினால் பால் நீலப்பச்சையாக வடியும், காய்ந்த பாலில் நாலில் ஒரு பங்கு நிக்கல். நம் புங்கமும் வேம்பும் அந்த ஜாதி இல்லை.

பெரியப்பாவின் கேள்விக்கு வருவோம். வேலிகாத்தான் இனச் செடிகளுக்குக் குரோமியம்-6 கொடுத்து, எக்ஸ்-கதிர் மூலம் திசுக்களுக்குள் பார்த்த ஆய்வு ஒன்று 2003-ல் அமெரிக்காவில் வந்தது. கொடுத்தது 6, இலையில் இருந்ததோ முழுக்க 3. அதாவது வழியிலேயே மாற்றி, கட்டி, அடக்கிவிடுகிறது. உப்பையும் தாங்கும். பெரியப்பாவிடம் சொன்னேன், “அப்ப அது நம்மளவிட கெட்டிக்காரன்”னு சிரித்தார்.

மண்ணுக்கு என்ன செய்வது

முதலில் செய்யக் கூடாதது: சுண்ணாம்பு. “உலோகம் இருக்கிற மண்ணுக்குச் சுண்ணாம்பு போடு” என்று பொதுவாகச் சொல்வார்கள், காட்மியத்துக்கும் ஈயத்துக்கும் அது சரி. குரோமேட்டுக்கு நேர் எதிர். அது எதிர்மின் சுமை உள்ளது, பி.எச். ஏற ஏற மண் துகள் அதை விட்டுவிடும், சுதந்திரமாக வேருக்கும் கிணற்றுக்கும் போகும். அதேபோல டி.ஏ.பி.யை அள்ளிக் கொட்டாதீர்கள், பாஸ்பேட் மண்ணில் ஒட்டியிருக்கிற குரோமேட்டை இடித்துத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். ஈ.டி.டி.ஏ. கலந்த நுண்ணூட்டத்தை வேரில் ஊற்றுவதும் வேண்டாம், அது உலோகத்தைக் கரைத்து நடமாட விடும்.

குரோமியம்-6 இருக்கிறது என்று ஆய்வில் வந்தால் நாட்டு மருந்துக் கடையிலேயே ஒரு பொருள் இருக்கிறது, அன்னபேதி, அதாவது ஃபெரஸ் சல்ஃபேட். மூட்டையாக வேண்டுமென்றால் உரக்கடையில் கேளுங்கள். இது எலக்ட்ரானைக் கொடுத்து 6-ஐ 3 ஆக்கும், வேர் கஷ்டப்பட்டுச் செய்கிற வேலையை நாம் வெளியிலேயே முடித்துவிடுகிறோம். கூடவே சல்ஃபேட், கூடவே இரும்பு. கெமிஸ்ட்ரி கணக்குப்படி ஒரு கிராம் குரோமியம்-6-க்கு 16 கிராம் அன்னபேதி. இரண்டரை அடிக்கு இரண்டரை அடி, ஆழமும் இரண்டரை அடி குழி என்றால் மண் சுமார் 620 கிலோ. அதில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் குரோமியம்-6 இருந்தால் மொத்தம் 12 கிராமுக்குக் கொஞ்சம் மேல், அதற்கு அன்னபேதி 200 கிராம். மண்ணில் மற்ற பொருள்களும் இதை இழுத்துக்கொள்ளும், அதனால் நான் இரண்டு மடங்கு, 400 கிராம் போட்டேன். வாளித் தண்ணீரில் கரைத்து, தோண்டிய மண்ணில் ஊற்றிப் புரட்டி, ஈரம் காயாமல் இரண்டு வாரம் சாக்குப் போட்டு மூடி வைத்தேன். பழைய அன்னபேதி, பழுப்பாகத் துருப்பிடித்தது, வாங்காதீர்கள், அதன் சத்து ஏற்கெனவே போயிருக்கும். இளம்பச்சையாக இருக்க வேண்டும். வேட்டியில் பட்டால் துருக்கறை போகாது.

அதற்குப் பிறகு மக்கிய எரு, ஏரி வண்டல். கரிமப்பொருள் இருக்கிற வரை மண் 3 பக்கமே நிற்கும், அதனால் இதை ஒருமுறை போட்டுவிட்டு மறந்துவிடக் கூடாது, வருஷா வருஷம் வேண்டும். பழைய காலத்தில் நம் ஊரில் தோலைப் பதம் செய்ததே ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும்தான். அந்த டானின் உலோகத்தையும் பிடிக்கும். ஆவாரை வரப்போரம் தானாக முளைத்தால் பிடுங்காதீர்கள்.

ஜிப்சம் பற்றி. களர்மண், அதாவது சோடியம் ஏறி, மழை பெய்தால் வழவழப்பாகி, காய்ந்தால் சிமென்ட் மாதிரி ஆகிற மண் என்றால் ஜிப்சம் போடுங்கள், கால்சியம் வந்து சோடியத்தைத் தள்ளும். அதில் இருக்கிற சல்ஃபேட் அந்த வாசலில் குரோமேட்டோடு போட்டி போட்டு உள்ளே போகும், குளூட்டத்தயோனுக்குக் கந்தகமும் ஆச்சு. ஆனால் மண்வள அட்டையில் கந்தகம் ஏற்கெனவே எக்கச்சக்கமாக இருந்தால், டேனரி நிலத்தில் அப்படி இருப்பது சகஜம், வெறுமனே கந்தகத்துக்காக ஜிப்சம் போட வேண்டாம், இருக்கிற உப்போடு இன்னொரு உப்பு.

வரிசை முக்கியம். உப்பைக் கீழே இறக்க நல்ல தண்ணீர் கட்டி அலச வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். அன்னபேதி போடுவதற்கு முன் அலசினால் உப்போடு சேர்ந்து குரோமியம்-6-உம் நேராக நிலத்தடி நீருக்குப் போய்விடும். முதலில் 6-ஐ 3 ஆக்குங்கள், அப்புறம் அலசுங்கள். நான் ஆவணியில் குழி போட்டு அன்னபேதி, புரட்டாசியில் எரு, ஐப்பசி மழை அலசிக் கொடுத்தது, கார்த்திகையில் கன்று.

எந்த மரம், எப்படி வைப்பது

என் ஓட்டு புங்கத்துக்கு. உப்பை ஓரளவு தாங்கும், நைட்ரஜனைத் தானே பிடித்துக்கொள்ளும், வேர் ஆழமாகவும் அகலமாகவும் போகும், எல்லாவற்றையும்விட அதன் காயை யாரும் சாப்பிட மாட்டார்கள். அடுத்து பூவரசு, வேம்பு, கருவேலம். மணல்பாங்காக இருந்தால் சவுக்கு. மாங்கன்று, முருங்கை, கொய்யா என்று ஆசைப்பட வேண்டாம். பழத்துக்கு உலோகம் குறைவாகத்தான் ஏறும் என்றாலும், முருங்கை மாதிரி கீரை தின்கிற மரத்தில் இலையில் படிகிற புழுதியே போதும். நடுவில் ஊடுபயிராகக் கீரை, முள்ளங்கி, மஞ்சள் எதுவும் கூடவே கூடாது.

வேலிகாத்தானைப் புதிதாக நடாதீர்கள், கேட்கவே வேண்டாம், பரவிவிடும், அதை அகற்றச் சொல்லி உயர் நீதிமன்ற உத்தரவே இருக்கிறது. ஆனால் விஷமேறிய நிலத்தில் ஏற்கெனவே நிற்பதை ஜே.சி.பி. வைத்து வேரோடு பிடுங்கிப் போடுவதும் புத்திசாலித்தனம் இல்லை. முப்பது வருஷம் அந்த வேர் கட்டிவைத்ததைக் கிளறி காற்றில் விடுகிறீர்கள். தரையோடு வெட்டுங்கள், துளிர்க்கத் துளிர்க்கக் கழியுங்கள், நடுநடுவே புங்கத்தை வையுங்கள், நிழல் கட்டினால் அது தானாக ஒடுங்கும்.

கன்று ஒரு வருஷத்துக்கு மேல் வளர்ந்ததாக, பெரிய பையில் இருப்பதாக வாங்குங்கள். சின்னக் கன்றின் வேர் நுனிகள் எல்லாமே இளசு, முதல் அடியிலேயே கருகும். நடும்போது வேரைச் சுற்றி வேம் போடுங்கள். வேம்பு இல்லை, வேம், வேரோடு ஒட்டி வாழும் பூஞ்சை. விரிஞ்சிபுரத்தில் இருக்கிற வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரித்தால் எங்கே கிடைக்கும் என்று சொல்வார்கள். பூஞ்சை இழைகள் உலோகத்தைத் தங்கள் சுவரிலேயே ஒட்டவைத்துக்கொள்ளும், பாஸ்பரஸைத் தேடிக்கொண்டு வந்து தரும், அதனால்தான் டி.ஏ.பி. தேவைப்படாது, டி.ஏ.பி. அதிகமானால் பூஞ்சையும் வேலை செய்யாது.

பத்தடிக்கு ஒன்று. மேலே மல்லாட்டைத் (வேர்க்கடலை) தோலோ வைக்கோலோ நாலு விரற்கடை மூடாக்கு, வெயிலில் தண்ணீர் ஆவியானால் கீழே இருக்கிற உப்பு மேலே ஏறி வெள்ளையாகப் பூக்கும். முதல் இரண்டு கோடை நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், அந்தக் கிணற்றுத் தண்ணீரையே ஊற்றிவிட்டுக் கன்று சாகிறதே என்று அழுவதில் அர்த்தமில்லை. நான் டேங்கர் தண்ணீர் வாங்கினேன், செலவுதான்.

இலையைப் பார்த்து என்ன புரிந்துகொள்வது

பழைய இலையின் நுனியும் விளிம்பும் காய்ந்து கருகினால் உப்பு. புது இலை நரம்பு பச்சையாகவும் நடுவே மஞ்சளாகவும் வந்தால் இரும்பு ஏறவில்லை, குரோமியம் தொந்தரவு செய்கிற மண்ணில் இது அடிக்கடி வரும், ஏனென்றால் இரும்பை உள்ளே எடுக்கிற வேலையை அது குழப்புகிறது. அன்னபேதியை லிட்டருக்கு 5 கிராம் என்று கரைத்து, சாயங்காலத்தில் இலையில் தெளித்தால் ஒரு வாரத்தில் தேறும். கருகலும் இல்லை, மஞ்சளும் இல்லை, ஆனால் கன்று வளரவே இல்லை, நட்ட நாள் மாதிரியே நிற்கிறது என்றால் ஒரு ஓரத்தில் ஒரு சாண் தோண்டி வேரைப் பாருங்கள். நல்ல புங்கன் வேர் நுனி வெள்ளையாக, நகத்தால் கிள்ளினால் நறுக்கென்று உடையும். என்னிடம் செத்தவற்றில் ஒன்றைத் தோண்டியபோது நுனிகள் எல்லாம் தேயிலைச் சக்கை நிறத்தில், குட்டை குட்டையாக, பல் தேய்ந்த பிரஷ் மாதிரி இருந்தன, கையில் தேய்த்தால் தோல் உரிந்து வந்தது. அப்படி இருந்தால் அந்தக் குழிக்கு மறுபடி அன்னபேதியும் எருவும்தான்.

உதிர்கிற இலை அங்கேயே விழுந்து மக்கட்டும். புங்கந்தழையை வெட்டி நெல் வயலுக்கு மிதிக்கக் கொண்டுபோகும் பழக்கம் நம் பக்கம் உண்டு, இந்த மரத்துத் தழையை மட்டும் கொண்டுபோகாதீர்கள். ஆட்டை அவிழ்த்து விடாதீர்கள், தழையைவிட அது மண்ணோடு சேர்த்துக் கடிப்பதுதான் பிரச்சினை.

விறகு. குரோமியம்-3 இருக்கிற பொருளைக் காற்றோட்டமாக எரித்தால் சாம்பலில் அதில் ஒரு பங்கு குரோமியம்-6 ஆகிவிடும், மரம் வருஷக்கணக்கில் பாடுபட்டு மாற்றியதை அடுப்பு ஒரே மணி நேரத்தில் திருப்பிவிடுகிறது. மேல்கிளையில் குறைவு, தூரிலும் வேரிலும்தான் அதிகம். எங்கள் பக்கத்தில் கரிமூட்டம் போடுகிறவர்கள் குறிப்பாகத் தூரைத்தான் கேட்பார்கள், கரி கெட்டியாக வரும் என்று. போன தை மாசம் ஒருவர் வந்து, வெட்டிவிட்ட வேலிகாத்தான் தூர் அத்தனைக்கும் நல்ல விலை சொன்னார். அத்தை வேறு, “குடுத்துடேன்பா, சும்மா கிடந்து என்ன பண்ணப்போவுது, ரெண்டு மூட்டை வெந்நீர் அடுப்புக்கு நமக்கும் வரும்” என்றார்கள். “வேணாம் அத்தே, அது சும்மா கிடக்கல” என்றேன். தூர் இன்னும் மண்ணுக்குள்ளேதான் இருக்கிறது, போன வாரம் துளிர்த்ததை மறுபடி கழித்துவிட்டேன்.